சோல் இசைத்தட்டிலிருந்து எடுத்த துண்டு எப்போது நம் பீட் ஆகிறது?

பின்னிரவு ஒலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ ஓராண்டாக, வேலை முடிந்து வந்த பிறகு இரவில், மடிக்கணினியிலும் வேறொருவரிடமிருந்து பழையதாக வாங்கிய எஸ்பி-404 கருவியிலும் லோ-ஃபை ஹிப்-ஹாப் பீட்டுகள் (கரகரப்பான, மெதுவான பின்னணித் தாள இசை) செய்துகொண்டிருக்கிறேன். 1970-களின் அமெரிக்கச் சோல் பாடல்கள் (கறுப்பின மக்களின் உணர்ச்சிமிகு பாடல்வகை) மீது எனக்குத் தீராத மயக்கம் உண்டு என்பதால், பெரும்பாலும் அவற்றிலிருந்தே சாம்பிள், அதாவது மீண்டும் பயன்படுத்தும் ஒலித்துண்டு, எடுக்கிறேன். பாட்டின் தொடக்கத்தில், குரல் நுழைவதற்கு முன்னுள்ள நான்கு ஆவர்த்தனங்களை எடுத்து, வேகத்தைக் குறைத்து, லோ-பாஸ் ஃபில்டரால் மேல்ஒலிகளை மழுக்கி, கருவியிலேயே உள்ள ‘வினைல் சிம்’ எஃபெக்டால் இசைத்தட்டின் கரகரப்பைத் தூவி, அடியில் கிக், ஸ்னேர், ஹை-ஹேட் ஆகிய மூன்று டிரம் ஒலிகளையும் வைத்து 80 பிபிஎம் (நிமிடத்துக்கு 80 தட்டு) அளவில் ஓடவிடுவேன். இதுதான் என் வழக்கம்.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்ற வாரம் ஒரு நண்பருக்குப் போட்டுக் காட்டியபோது, அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டு நன்றாக இருக்கிறது, இதில் நீ செய்தது எது?” என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

பீட் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’ தொகுப்பை மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன். 31 துண்டுகள், அவற்றுள் பலவும் இரண்டு நிமிடத்துக்கும் குறைவானவை, ஏறக்குறைய எல்லாமே பிறர் பாடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆயினும் அதைக் கேட்கும் எவரும் டில்லா என்ன செய்தார் என்று கேட்க மாட்டார்கள். அவர் எடுத்ததும் பழைய பாட்டு, நான் எடுப்பதும் பழைய பாட்டு என்னும்போது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த வேறுபாடு கைத்திறன் மட்டும்தானா, அல்லது நான் தொடக்கத்திலேயே தவறான இடத்தில் நிற்கிறேனா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும். கூடவே, இவற்றை இணையத்தில் வெளியிட வேண்டுமானால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் எவரேனும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

நறுக்குப்பலகை எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி; அவரை விட்டுவிடாதீர்கள். நீங்கள் விவரித்த வேலையில் வெட்டு என்பது ஒரே ஓரிடத்தில், அதாவது குரல் தொடங்கும் முன், நிகழ்கிறது. அந்த இடத்தையும் நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பாட்டை அமைத்தவர் ஏற்கெனவே உங்களுக்காக இடைவெளி விட்டு வைத்திருக்கிறார். மீதமுள்ள அனைத்தும் அதன்மேல் பூசிய பூச்சுதான்.

அந்தப் பூச்சு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 1987-இல் வெளிவந்த இ-மியூ எஸ்பி-1200 கருவியில் மொத்தமே 10 விநாடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். அதுவும் 12 பிட் ஆழத்தில், விநாடிக்குச் சுமார் 26,000 மாதிரிகள் என்ற அளவில். சிடியின் அளவு 16 பிட், 44,100 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எவ்வளவு ஒலி உதிர்ந்துபோகும் என்பது விளங்கும். இடம் போதாமையால், நியூயார்க்கில் அக்காலத்தில் பீட் செய்தவர்கள் 33⅓ சுழற்சித் தட்டை 45 சுழற்சியில் ஓடவிட்டுப் பதிவு செய்தார்கள். அப்படிச் செய்தால் 10 விநாடி இடத்தில் பதின்மூன்றரை விநாடிப் பாட்டை அடைத்துவிடலாம். பிறகு கருவிக்குள்ளேயே ஐந்து அரைச்சுரம் அளவுக்குச் சுருதியை இறக்கி, பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். அவ்வாறு இறக்கும்போது, கருவியின் கணக்கீடு அவ்வளவு நுட்பமானதாக இல்லாததால், மூலத்தட்டில் இல்லாத, தகரத்தை உரசினாற்போன்ற ஒரு சன்னமான ஒலி கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. இன்று நாம் பிளக்-இன் வாங்கிச் சேர்க்கும் அந்த ‘அழுக்கு’ அவர்களுக்கு வீட்டில் இடமில்லாமல் சாமான்களை ஒடுக்கி வைத்ததால் விழுந்த சுருக்கம் போன்றது. அவர்கள் அதை விரும்பித் தேடவில்லை, பின்னால்தான் அதன் சுவை பிடித்துப்போயிற்று.

அந்த இடநெருக்கடி இன்னொன்றையும் செய்தது. 90 பிபிஎம் வேகத்தில் நான்கு ஆவர்த்தனம் என்றால் பத்தரை விநாடிக்கும் மேலாகிவிடும்; ஆகவே நீங்கள் செய்வதுபோல் நான்கு ஆவர்த்தனத்தை அப்படியே அள்ளிப் போட்டால், வேகம் கூட்டிப் பதிந்தாலும், மற்ற ஒலிகளுக்கு அதிக இடம் மிஞ்சாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று காது முடிவு செய்தாக வேண்டியிருந்தது. 1988-இல் ராஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி-60 வந்தபோது, அதன் 16 கட்டைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வைத்து, விரலால் தட்டி வாசிக்க முடிந்தது. அப்போதிருந்து, பழைய தட்டு என்பது ஓடவிடும் பொருளாக இல்லாமல், வாசிக்கும் கருவியாகிவிட்டது.

நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய பயிற்சி ஒன்றுதான். ஒரு மாதத்துக்கு எல்லா எஃபெக்டுகளையும் அணைத்துவிடுங்கள். பிடித்த ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, தொடக்க இசையைத் தொடாமல், பாட்டின் நடுவில் போய்த் தேடுங்கள்: பாடகர் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கும் இடம், வயலின்கள் ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் அரை விநாடி, கிட்டார்க்காரர் கைமாற்றும்போது கம்பியில் எழும் கீச்சொலி, டிரம் வாசிப்பவர் அடுத்த பகுதிக்குள் தள்ளிவிடும் அந்த நான்கு தட்டுகள். இவற்றைப் பதினாறு துண்டுகளாக்கிக் கட்டைகளில் வைத்து, மூல வரிசையில் மட்டும் வாசிக்கக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே விதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது துண்டுக்குப் பிறகு இரண்டாவது வந்தால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். வெட்டும்போது சுரத்தின் தலையில் சரியாக வெட்டாமல், அதற்கு மிகச் சிறிது முன்னால், கை கம்பியைத் தொடும் ஓசையும் உள்ளே வரும்படி வெட்டினால், துண்டு உயிரோடிருக்கும்.

‘டோனட்ஸ்’ தொகுப்பிலேயே ‘டோன்ட் க்ரை’ என்ற துண்டைக் கவனியுங்கள். எஸ்கார்ட்ஸ் என்ற குழுவின் பாட்டை முதலில் பெரிதும் அப்படியே ஓடவிடுகிறார். நீங்கள் செய்வதும் அதுவரைதான். அதன் பிறகு அதே பாட்டை நறுக்கி, வேறு வரிசையில் அடுக்கி, வேறொரு நடையில் நடக்கவிடுகிறார். முதற்பகுதியையும் பிற்பகுதியையும் பத்து முறை மாற்றி மாற்றிக் கேட்டால், நான் இவ்வளவு நீட்டி எழுதியது தேவையில்லை என்று உங்களுக்கே தோன்றும். டிரம் விஷயத்தில் அவர் குவாண்டைஸ் என்பதையே தொடமாட்டார் என்பதும் நினைவிருக்கட்டும்; கட்டத்துக்குள் அடியைப் பொருத்தும் வேலையை நீங்களும் விட்டுவிடுங்கள்.

கால்மாத்திரை எழுதியது:

நறுக்குப்பலகை சொன்னவற்றுள் கடைசி வரியை மட்டும் திருத்த விரும்புகிறேன், ஏனென்றால் இந்த ஒரு வரியை நம்பிப் பலர் தாளம் தவறிய டிரம்மை வெளியிட்டுவிட்டு அதை டில்லா பாணி என்று அழைக்கிறார்கள். அவர் கணக்கில்லாமல் தட்டவில்லை. எம்பிசி-3000 கருவியில், ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியாகச் சற்று முன்னேயோ பின்னேயோ நகர்த்தும் வசதி இருந்தது. அதை அவர் நன்றாகப் பயன்படுத்தினார். ஒரே பீட்டில் ஹை-ஹேட் ஒரு நடையிலும், ஸ்னேர் சற்று முந்தியும், கிக் தன் விருப்பப்படியும் விழும். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதில்தான் அந்தத் தள்ளாட்டம் இருக்கிறது. மூன்றையும் ஒருசேரத் தள்ளிவிட்டால் ஒன்றும் நிகழாது.

எண்ணில் சொன்னால் விளங்கும். 84 பிபிஎம் வேகத்தில் அரை எண்ணிக்கை என்பது 357 மில்லி விநாடி. ஸ்விங் (நடுத்தட்டைத் தாமதப்படுத்தும் அளவு) 50 விழுக்காடு என்றால் அதன் நடுத்தட்டு சரியாக 179-ஆவது மில்லி விநாடியில் விழும். 54 விழுக்காடு என்றால் 193-இல். அதாவது 14 மில்லி விநாடி தாமதம். 58 என்றால் அத்தாமதம் 29 ஆகிவிடும். 66-ஐ எட்டினால் அது திஸ்ர நடையாகவே ஒலிக்கும். காதுக்குத் தெரியும் வேறுபாடு அனைத்தும் இந்தச் சிறிய எல்லைக்குள்தான் நடக்கிறது. ஆகவே ஹை-ஹேட்டுக்கு 56 அளவில் ஸ்விங் கொடுத்து, ஸ்னேரை மட்டும் 10 முதல் 15 மில்லி விநாடி முன்னே இழுத்து, கிக்கை விரலால் வாசித்துப் பாருங்கள். டில்லா பயன்படுத்திய எம்பிசி இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணக்கில்லாமல் தட்டிய ஒருவருடைய கருவிக்கு அந்த இடம் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

நறுக்குப்பலகை எழுதியது:

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். விரைவில் எழுதியதில் வந்த பிழை.

ஊசித்தடம் எழுதியது:

நான் பீட் செய்பவள் அல்லள். அறுபதைத் தாண்டிய, தட்டுகள் சேர்க்கும் பழக்கமுள்ளவள். நீங்கள் வெட்டும் பொருளைப் பற்றி இங்கு எவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். சோல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறீர்கள். ஆனால் டெட்ராய்ட்டின் ஒலி வேறு, மெம்ஃபிஸின் ஒலி வேறு, ஃபிலடெல்ஃபியாவின் ஒலி முற்றிலும் வேறு. வெட்டுவதற்கு முன் அது எந்த ஊர்த் தட்டு என்று பார்ப்பது, துணியை வெட்டுவதற்கு முன் அது பட்டா பருத்தியா என்று பார்ப்பதைப் போன்றது.

உங்கள் லோ-ஃபை இசையில் அடியில் மிதந்துகொண்டிருக்கும் அந்த மென்மையான, முடிவுறாத சுரக்கூட்டு (கார்ட்) பெரும்பாலும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வருகிறது. 1968-இல் ஜோ டார்சியா அங்கே சிக்மா சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். 1971-இல் கென்னத் கேம்பிளும் லியான் ஹஃப்பும் ஃபிலடெல்ஃபியா இன்டர்நேஷனல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இவர்களோடு உழைத்த இசையமைப்பாளர் டாம் பெல், மேற்கத்திய செவ்வியல் இசை பயின்றவர். டெல்ஃபானிக்ஸ், ஸ்டைலிஸ்டிக்ஸ் ஆகிய குழுக்களுக்கு அவர் அமைத்த இசையில் ஃபிரெஞ்சு ஹார்ன் வரும், ஓபோ வரும், எலெக்ட்ரிக் சிதார் கூட வரும். (அந்தச் சிதார் உண்மையில் கிட்டார்தான், தம்புராவில் ஜீவாளி இட்டாற்போல் கம்பி ரீங்கரிக்கும்படி அதன் பாலத்தை அமைத்திருப்பார்கள்.) அவர் ஒரு சுரக்கூட்டை அதன் வீட்டுக்குத் திரும்பவிடாமல், மேஜர் செவன்த், நைன்த் என்று வாசலிலேயே நிறுத்தி வைப்பார். எங்கும் முடியாத இசையை எங்கு வெட்டிச் சுழலவிட்டாலும் சுழலும். பாட்டு முடிந்துவிட்டது என்ற உணர்வே வராது. இரண்டு மணி நேரம் படிக்கும் பிள்ளைக்குப் பின்னணியில் ஓட அது பொருந்துவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மெம்ஃபிஸில் இருந்து இதை எதிர்பார்க்காதீர்கள். அங்கே வில்லி மிட்செல், பழைய திரையரங்கு ஒன்றில், அதன் சரிவான தரையைச் சமன் செய்யாமலேயே அமைந்த ராயல் ஒலிப்பதிவுக் கூடத்தில், அல் கிரீனின் பாடல்களைப் பதிவு செய்தார். டிரம் ஒலி வறண்டதாக, எதிரொலி ஏதுமின்றி, காதுக்கு அருகில் தட்டினாற்போல் இருக்கும். எனக்குத் தெரிந்த பீட் இளைஞர் ஒருவர், ஃபிலடெல்ஃபியாத் தட்டில் பாயும் மெம்ஃபிஸ் தட்டில் தலையணையும் எடுத்துப் படுக்கை விரிப்பதாகச் சொல்வார். தலையணை என்று அவர் சொல்வது டிரம்மைத்தான்.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன். மேலே ஒருவர் எஸ்கார்ட்ஸ் என்று ஒரு குழுவைக் குறிப்பிட்டார். அவர்கள் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நியூ ஜெர்சியின் ராவே மாநிலச் சிறையில் தண்டனைக் காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த கைதிகள் அவர்கள். ஜார்ஜ் கெர் என்ற தயாரிப்பாளர் அவர்களைக் கண்டறிந்து, சிறைக்குள்ளேயே குரலைப் பதிவு செய்து, 1973-இல் தொகுப்பாக வெளியிட்டார். இன்னொரு வாய்ப்பு மட்டும் வேண்டும் என்பதே அத்தொகுப்பின் தலைப்பின் பொருள். நீ அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை என்று அவர்கள் பாடுவது, பார்க்கவே வர முடியாத இடத்தில் இருந்துகொண்டு பாடுவது. தம் கடைசிப் பிறந்தநாளான 2006 பிப்ரவரி 7 அன்று ‘டோனட்ஸ்’ வெளிவர, அதற்கடுத்த மூன்றாம் நாளில், 32 வயதில் காலமான டில்லா அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு ஒருபோதும் தற்செயலாகத் தோன்றியதில்லை. அவர் அந்தப் பாட்டை முழுமையாகக் கேட்டிருந்தார். அதனால்தான் வெட்டிய பின்னும் அழுகை அதில் இருக்கிறது.

இன்றைய லோ-ஃபையில் பெரும்பகுதி அழுகையை வடிகட்டிவிட்டு மெத்தையை மட்டும் வைத்துக்கொள்கிறது. சில் ஜான்சன் 1969-இல், தன் தோலின் நிறத்தினால்தான் இந்த வறுமையா, இந்தத் தடையா என்று கேட்டுப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதன் முன்னிசையை மட்டும் எடுத்து, மழைச் சத்தத்தோடு, உறக்கத்துக்கு ஏற்றது என்று யாரோ ஒருவர் வெளியிட்டிருந்ததைக் கேட்டேன். அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

வழக்கேடு எழுதியது:

சட்டப்பகுதிக்கு மட்டும் விடையளிக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். பணம் புழங்கும் நிலை வந்தால் உரிய வழக்கறிஞரை அணுகுங்கள்.

ஓர் ஒலித்தட்டில் இரண்டு உரிமைகள் தனித்தனியாக இருக்கின்றன. பாட்டின் மெட்டும் சொல்லும் இயற்றியவருக்கோ அவருடைய பதிப்பகத்துக்கோ உரியவை. அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு, பெரும்பாலும், அதை வெளியிட்ட நிறுவனத்துக்கு உரியது. தட்டிலிருந்து நேரடியாகத் துண்டெடுத்தால் இருவரிடமும் அனுமதி பெற வேண்டும். அதே இசையை நீங்களே ஆள் வைத்து மறுபடி வாசித்துப் பதிவு செய்தால் முதலாமவரிடம் மட்டும் பெற்றால் போதும். பெரிய தயாரிப்புகளில் மீள்வாசிப்பைத் தேர்வு செய்வதற்குக் கலையைவிட இந்தக் கணக்கே அடிக்கடி காரணமாகிறது.

ஆறு விநாடிக்குள் எடுத்தால் குற்றமில்லை, நான்கு சுரம் வரை எடுக்கலாம் என்பன போன்ற விதிகள் எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்தத் தளத்திலும் அவை அவ்வப்போது தலைகாட்டுவதால் சொல்லி வைக்கிறேன். அமெரிக்காவில் 1991-இல், பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாடலிலிருந்து அனுமதியின்றி எடுத்த வழக்கில், நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி கெவின் டஃபி தம் தீர்ப்பைக் “களவு செய்யாதிருப்பாயாக” என்ற வேதாகமக் கட்டளையோடு தொடங்கினார். அதுவரை கண்டும் காணாமல் இருந்த நிறுவனங்கள் அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதிக் கடிதம் கேட்கத் தொடங்கின. 2005-இல், ஃபங்கடெலிக் குழுவின் இரண்டு விநாடிக் கிட்டார்த் துண்டு ஒன்றைச் சுருதி இறக்கிச் சுழலவிட்டிருந்த வழக்கில், ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமம் பெறு, இல்லையேல் சாம்பிள் எடுக்காதே என்று சொல்லிவிட்டது. டெட்ராய்ட்டும் மெம்ஃபிஸும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகின்றன. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸை உள்ளடக்கிய ஒன்பதாம் வட்டார நீதிமன்றம், 2016-இல், மடோனாவின் ஒரு பாட்டிலிருந்த 0.23 விநாடி ஹார்ன் ஒலி பற்றிய வழக்கில், சாதாரணமாகக் கேட்பவர் அடையாளம் காண முடியாத அளவுக்கு அற்பமான துண்டு மீறலாகாது என்று தீர்ப்பளித்தது. ஒரே நாட்டில், ஒரே சட்டத்துக்கு, இரண்டு வட்டாரங்களில் இரண்டு பொருள்.

காலம் கடந்துவிட்டதே, இனி யாருக்கு உரிமை என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். 2018-இல் அமெரிக்கா இயற்றிய இசை நவீனமயமாக்கல் சட்டத்தின்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு. நீங்கள் விரும்பும் சோல் தட்டுகளில் கணிசமானவை இதற்குள் அடங்கும். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு என்று வரையறுக்கிறது. ஆனால் மெட்டமைத்தவரின் உரிமை அவர் மறைந்து 60 ஆண்டு வரை தொடரும் என்பதையும், இணையத்தில் ஏற்றிய மறுகணம் உங்கள் பீட் எல்லா நாட்டிலும் வெளியாகிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 60 ஆண்டுக் கணக்கு உங்களுக்குப் பெரிதாக உதவாது. யூடியூபின் தானியங்கிக் கண்டறிதல் துண்டைக் கண்டுபிடித்தால் வருவாய் உரிமையாளருக்குப் போகும், அல்லது காணொளி முடக்கப்படும். சுருதியை மாற்றினால் தப்பலாம் என்பது உண்மையாக இருக்கலாம்; அது கண்டுபிடிக்கப்படாமல் இருப்பதற்கான வழியே தவிர, அனுமதி ஆகாது.

ஊசித்தடம் அம்மையார் எழுப்பிய மனக்குறையோடு தொடர்புடைய ஒன்றையும் சேர்க்கிறேன். உரிமம் பெற்றாலும் பணம் வாசித்தவரைச் சென்றடையும் என்பதில்லை. வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் பதிவு செய்த ஒரு பாட்டில், கிரெகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம் துண்டு, ‘ஆமென் பிரேக்’ என்ற பெயரில், கணக்கற்ற பாட்டுகளுக்குள் புகுந்தது. கோல்மன் 2006-இல் வீடற்றவராக இறந்தார். 2015-இல் ரசிகர்கள் தாமாகவே திரட்டிய 24,000 பவுண்டு குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குச் சென்றது. கோல்மன் அப்போது உயிரோடில்லை.

பின்னிரவு ஒலி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல், நறுக்குப்பலகை சொன்ன பயிற்சியை மூன்று வாரம் செய்துவிட்டு வருகிறேன். ஒரு மாதம் முடியவில்லை, பொறுமை அவ்வளவுதான்.

ஃபிலடெல்ஃபியாத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் முழுவதும் பழைய பழக்கம் விடவில்லை. எந்தத் துண்டைத் தட்டினாலும் விரல் மூல வரிசைக்கே திரும்பிப் போயிற்று, ஏனென்றால் அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். பிறகு ஊசித்தடம் அம்மா சொன்னதை நினைத்து, வெட்டுவதை நிறுத்திவிட்டு, சொற்களை எழுதி வைத்துக்கொண்டு பாட்டை முழுமையாகக் கேட்டேன். பிரிந்தவளிடம் பேசுவதாக நான் எண்ணியிருந்த பாட்டு, உண்மையில் பிரியப்போகிறவளிடம், அவள் இன்னும் அறையில் இருக்கும்போதே பேசுவது என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன், பாடகர் சொல்லத் தொடங்கி, சொல்லாமல் விட்டுவிடும் அரை எழுத்து ஒன்று இருக்கிறது. ஓராண்டாகக் கேட்ட பாட்டில் அது என் காதில் விழுந்ததே இல்லை. பதினான்கு துண்டுகள் வெட்டினேன், ஐந்தைத்தான் பயன்படுத்தினேன், அந்த அரை எழுத்து அவற்றுள் ஒன்று. டிரம்மில் கால்மாத்திரை சொன்னபடி ஸ்னேரை 12 மில்லி விநாடி முன்னே இழுத்தேன். கரகரப்பு சேர்க்கவில்லை, தட்டில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

அம்மா சொன்ன குறையில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. உறக்கத்துக்காகப் போடப்பட்ட ஒரு பீட்டின் வழியாகத்தான் நான் இந்தப் பாடல்களிடம் வந்து சேர்ந்தேன். அந்த வாசல் இல்லையென்றால் எஸ்கார்ட்ஸ் என்ற பெயரை இன்று இங்கே படித்திருக்கவும் மாட்டேன். இப்போதைக்கு இதை இணையத்தில் ஏற்றப்போவதில்லை. அதே சுரக்கூட்டுகளைக் கீபோர்டில் நானே வாசித்துப் பதிவு செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். விரல்கள் இன்னும் நைன்த் வரை எட்டவில்லை.

நண்பருக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை, ஏனென்றால் ஒரு சிக்கல் தீரவில்லை. துண்டுகளின் அடியில் மூலப்பாட்டின் பேஸ் கிட்டார் ஒட்டிக்கொண்டு வருகிறது. வரிசையை மாற்றியதால் அது தாறுமாறாகக் குதிக்கிறது. என் கிக்கோடும் மோதுகிறது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பேஸ் போகிறது, கூடவே செல்லோவின் கனமும் போய், ஒலி வெறும் எலும்பாக நிற்கிறது. இதற்கு என்ன செய்வீர்கள்?

நறுக்குப்பலகை எழுதியது:

150 அதிகம். 90 ஹெர்ட்ஸில், செங்குத்தாக இல்லாமல் மெல்லச் சரியும்படி ஹை-பாஸ் ஃபில்டரை (கீழ்ஒலிகளைக் குறைப்பது) வையுங்கள். அதன் பிறகும் மிஞ்சும் பேஸை அகற்ற முயலாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் அது எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அதே சுரங்களில் ஒரு ஸ்தாயி கீழே உங்கள் பேஸை வாசியுங்கள், குதிப்பு மறைந்துவிடும். எந்தத் துண்டில் இரண்டும் ஒத்துவரவில்லையோ அதைத் தூக்கிவிட்டு மீதி ஒன்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அரை எழுத்தை மட்டும் தொடாதீர்கள். கிக்கையும் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.